அளக்காத மண்ணின் கணக்கு

2024 டிசம்பரில் அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல், வளிமண்டல நிர்வாகம் தன் ஆர்க்டிக் ஆண்டறிக்கையை வெளியிட்டது. துருவத்தை ஒட்டிய துந்திரா நிலம் பல்லாயிரம் ஆண்டுகளாகக் காற்றிலிருந்து கார்பனை இழுத்து மண்ணில் சேர்த்துவந்தது. காட்டுத்தீயில் போவதையும் சேர்த்துப் பார்த்தால் இப்போது அது சேர்ப்பதைவிட வெளியே விடுவதே அதிகம் என்று அதில் எழுதியிருந்தார்கள். எங்கோ பனிப் பிரதேசத்துச் சமாச்சாரம் என்று நம்மில் பலர் கடந்துபோயிருப்போம். என்னால் முடியவில்லை. மண்ணியல் என் தொழில். கோயம்புத்தூரில் வேளாண்மை படித்துவிட்டு, மேற்குக் கனடாவில் எட்மண்டன் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். வடக்கிலிருந்து வரும் உறைந்த மண்ணை உருகவைத்து, அது எவ்வளவு மூச்சு விடுகிறது என்று அளப்பதுதான் அங்கே எனக்குக் கொடுத்திருந்த வேலை.

அந்த மண் விஷயத்தில் இந்தியா செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. மற்றப் பல நாடுகளைவிட நமக்கு அது எளிது. ஆனால் தில்லியில் யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன் மண்ணைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

தொடர்ந்து இரண்டு வருடமாவது பூஜ்யம் டிகிரிக்கு மேலே போகாத நிலத்தைப் பெர்மாஃப்ராஸ்ட் என்கிறார்கள். உறைமண் என்று சொல்லிக்கொள்வோம். சைபீரியா, அலாஸ்கா, வட கனடா என்று வட துருவத்தைச் சுற்றி வளையம்போலக் கிடக்கும் இந்தப் பகுதி மண்ணில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி டன் கார்பன் இருக்கிறது. உலகத்துக் காற்று மண்டலம் முழுவதிலும் இன்று இருப்பதைப்போலச் சற்றுக் குறைய இரண்டு மடங்கு. இவ்வளவும் எப்படிச் சேர்ந்தது? அங்கே பயிர்பச்சை செழித்து வளர்ந்ததாலா என்றால், இல்லை. வருஷத்தில் இரண்டு மூன்று மாதம்தான் அங்கே எதுவும் வளரும். துந்திராவில் வளர்வதும் கணுக்கால் உயரப் புல்லும் பாசியும் குட்டைச் செடியும்தான். மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில் விழும் இலை அதைப்போலப் பல மடங்கு. ஆனால் நம் காட்டில் விழுந்த இலை ஓரிரு வருஷத்தில் மக்கிக் காற்றோடு போய்விடுகிறது. அங்கே விழுந்தது கிடக்கிறது. அதன்மேல் அடுத்தது விழுகிறது. பிறகு வண்டல் மூடுகிறது, உறைகிறது. பத்தாயிரம், இருபதாயிரம் வருஷம் இப்படியே போனால் வரவு எத்தனை சொற்பமானாலும் கையிருப்பு மலையாகிவிடும். அந்த மண்ணைப் பூட்டி வைத்திருப்பது முக்கியமாகக் குளிர்தான்.

இட்லி மாவு கரைக்கிறவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. மார்கழியில் ராத்திரி கரைத்து வைத்த மாவு விடிந்த பிறகும் கல்லுப்போல அப்படியே இருக்கும். கத்திரி வெயிலில் மத்தியானம் கரைத்தால் விளக்கு வைப்பதற்குள் பாத்திரம் வழியும். அரிசியும் உளுந்தும் உப்பும் அதேதான். மாறினது வெப்பம் மட்டும். மண்ணில் இருக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் இதே கணக்கில்தான் வேலை செய்கின்றன. நம் ஊர் மண்ணில் பத்து டிகிரி கூடினால் மக்கும் வேகம் சுமார் இரட்டிக்கும். பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் அந்தப் பெருக்கம் இரண்டோடு நிற்காது. மூன்றாகும், சமயத்தில் அதையும் தாண்டும். உறைந்த நீர் உருகி நுண்ணுயிரிக்குக் கிடைப்பதும் அதோடு சேர்ந்துகொள்கிறது. அதாவது, ஒரு டிகிரி சூடு நாகப்பட்டினத்து வயலில் செய்யும் மாற்றத்தைவிட சைபீரியாவின் யாகூட்டியாவில் செய்யும் மாற்றம் விகிதத்தில் பெரிது. போதாக்குறைக்கு, அந்தச் சூடும் அங்கேதான் வேகமாக ஏறுகிறது. 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்று ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2022-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

வெப்பத்துக்கும் வேதிவினை வேகத்துக்கும் உள்ள உறவை 1889-இல் சமன்பாடாக எழுதியவர் சுவீடனைச் சேர்ந்த ஸ்வான்டே அர்ரேனியஸ். கல்லூரியில் வேதியியல் படித்த எல்லோரும் அந்தப் பெயரைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருப்பார்கள். அதே அர்ரேனியஸ்தான் 1896-இல், காற்றில் கரியமில வாயு இரட்டித்தால் பூமி எத்தனை டிகிரி சூடாகும் என்று கையால் கணக்குப் போட்டவர். ஐந்தாறு டிகிரி என்று வந்தது. இரண்டு கணக்கும் ஒரே மேசையில் பிறந்தவை. முதல் கணக்கின்படி மண் சூடானால் வாயு வரும். இரண்டாவதின்படி வாயு வந்தால் மண் சூடாகும். இரண்டையும் பிணைத்தால் கிடைக்கும் சுழலைத்தான் நாம் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எட்மண்டனில் அந்த மண் எங்களுக்கு உருளை உருளையாக வரும். குழாய்த் துளைக்கருவியால் எடுத்து, உருகாமல் பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். மைனஸ் 20 டிகிரி அறையில், பஞ்சுக் கோட்டும் கையுறையுமாக நின்று ரம்பத்தால் அறுப்போம். அறுத்த முகத்தில் பனிக்கட்டி மெல்லிய இழைகளாக மின்னும். நடுவே புல்வேர் தெரியும், வைக்கோல் நிறத்தில், முறியாமல், நேற்றுப் பிடுங்கினது மாதிரி. கார்பன்-14 கணக்குப்படி அதன் வயது பல ஆயிரம் வருஷம். உருகத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கத் தொழுவத்து வாடை பரவும். முதன்முறை அது என் மூக்கில் ஏறியபோது ஒரு நிமிஷம் கையை எடுத்துவிட்டேன். பனியுகத்தில் பாதியில் நின்றுபோன அழுகல் அது. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

ஒரே மண்ணை எடைபோட்டுக் கண்ணாடிச் சாடிகளில் போட்டு, ரப்பர் மூடியால் இறுக்கி, வெவ்வேறு குளிர்பெட்டிகளில் வைப்போம். மைனஸ் 5 ஒன்று, 1 டிகிரி ஒன்று, 5 ஒன்று, 15 ஒன்று. குறித்த நாளில் ரப்பரில் ஊசியைக் குத்தி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி, கேஸ் குரோமட்டோகிராஃபில் செலுத்தினால் எவ்வளவு கரியமில வாயு, எவ்வளவு மீத்தேன் என்று திரையில் இரண்டு முகடுகளாக எழும்பும். 15 டிகிரிச் சாடி முதல் சில வாரம் தாவி ஏறும், பிறகு தளரும். சுலபமாக மக்கக்கூடியது தீர்ந்து, களிமண்ணோடு ஒட்டிக்கொண்டதும் கடினமானதும் மிஞ்சிவிடும். ஆகவே அந்த ஒன்றரை லட்சம் கோடி டன்னும் ஒருநாள் மொத்தமாக மேலே வந்துவிடும் என்று சிலர் எழுதுவது தவறு. அப்படிப் பயமுறுத்தித்தான் ஜனங்களை எழுப்ப வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, உள்ளதே போதும்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது 15 டிகிரிச் சாடி இல்லை, மைனஸ் 5 சாடி. தொட்டால் கட்டியாக இருக்கும். அதிலும் ஊசி குத்தினால் கரியமில வாயு வந்தது. கொஞ்சம்தான்; ஆனால் ஒருமுறைகூட வராமல் இருந்ததில்லை. பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் மண் துகளைச் சுற்றி மயிரிழையிலும் மெல்லிய நீர்ப்படலம் உறையாமல் நிற்கிறது. அதில் நுண்ணுயிரிகள் பிழைத்துக் கிடக்கின்றன, தின்றுகொண்டும் இருக்கின்றன. மண் நம் வரைபடத்தில் உறைந்திருக்கிறது என்பதால் அது சும்மா இருக்கிறது என்று பொருள் இல்லை.

சாடிக்கு வெளியே, நிஜ நிலத்திலும் இதுதான் நடக்கிறது. ஆர்க்டிக் ஆய்வு வெகுகாலம் கோடைகால வேலையாகவே இருந்தது. விமானம் இறங்குவதும், வழி இருப்பதும், விரல் விறைக்காமல் திருகாணியைத் திருக முடிவதும் அப்போதுதான். செடி வளர்ந்து கார்பனை இழுப்பதும் அதே மாதங்கள். ஆக, வரவு நடக்கும் மாதங்களில் போய் அளந்துவிட்டு, செலவு நடக்கும் மாதங்களில் வீட்டில் இருந்தோம். சூசன் நட்டாலி தலைமையில் ஒரு பெரிய குழு, பல நாட்டுக் குளிர்கால அளவீடுகளையெல்லாம் திரட்டி 2019-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரையில் உறைமண் பகுதி விடும் கார்பன் ஏறத்தாழ 170 கோடி டன். கோடையில் செடிகள் உள்ளே இழுப்பதாகக் கணினி மாதிரிகள் சொல்வது சுமார் 100 கோடி டன்தான். இலையுதிர் காலத்து இருட்டில் இன்னொன்றும் நடக்கிறது. மேலே பனி மூடிவிடும், கீழே உறைமண். இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஈர அடுக்கு உறையும்போது வெளிவிடும் வெப்பத்தால் பூஜ்யத்திலேயே வாரக்கணக்கில் நின்றுவிடும். முழுதாக உறையாமலும் முழுதாக உருகாமலும் நிற்கும் அந்த நாட்களில் மீத்தேன் நிறையக் கசிகிறது. அலாஸ்காத் துந்திராவில் ஒரு வருஷத்து மீத்தேனில் பாதிக்குக் குறையாமல் குளிர்மாதங்களில்தான் வருகிறது என்று 2016-இல் கண்டார்கள்.

பனி நிலத்தைக் குளிரவைக்கும் என்று தென்னாட்டில் பிறந்த நாம் நினைப்போம். அங்கே அது கம்பளி. மேலே மைனஸ் 35 இருக்கும்போது ஒரு மீட்டர் பனிக்கு அடியில் மண் மைனஸ் 5-இல் கதகதப்பாக இருக்கும். அலாஸ்காவில் ஹீலி என்ற ஊருக்குப் பக்கத்தில் டெட் ஷூரின் குழுவினர் 2008 முதல் வேலி அடித்து, காற்றில் பறக்கும் பனியை அதன் அடியில் குவியவைத்து, வேறு சூடேற்றி எதுவும் இல்லாமலே மண்ணைச் சூடாக்கிப் பார்த்துவருகிறார்கள். உலகம் சூடானால் காற்றில் ஈரம் கூடும், பனிப்பொழிவும் சில இடங்களில் கூடும். கோடை வெயில் செய்யாததைக் குளிர்காலத்துப் பனி செய்துவிடக்கூடும்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். சூடானால் செடியும் நன்றாக வளருமே, மண் இழப்பதை மரம் ஈடுசெய்யாதா? வடக்கு பசுமையாகிவருவது செயற்கைக்கோள் படத்தில் தெரிகிறது. அலாஸ்காவில் டூலிக் ஏரிக்கரையில் இருபது வருஷம் துந்திராவின்மேல் பசுமைக்குடில் போட்டுச் சூடாக்கிப் பார்த்த ஒரு சோதனையில், புதர் நன்றாக வளர்ந்தது, மண்ணின் மொத்தக் கார்பன் குறையவில்லை என்று 2013-இல் எழுதினார்கள். ஆறுதலான முடிவுதான். ஆனால் அதே டூலிக்கில் 1981-இலிருந்து உரமிட்டுவந்த இன்னொரு பாத்தி இருக்கிறது. மண் மக்கினால் தழைச்சத்து விடுபடும் அல்லவா, அதைப் போலிசெய்து பார்க்க உரம் போட்டார்கள். செடி இரட்டிப்பாக வளர்ந்தது. இருபது வருஷம் கழித்துத் தோண்டினால், ஆழத்து மண் இழந்தது செடியில் சேர்ந்ததைவிட அதிகம். சதுர மீட்டருக்கு நிகர நஷ்டம் ஏறத்தாழ இரண்டு கிலோ கார்பன். கண்ணுக்குத் தெரிகிற பச்சையைப் பார்த்துக் கண்ணுக்குத் தெரியாத மண்ணை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட எனக்கு அத்தாட்சி வேண்டாம்.

இந்தச் சோதனைப் பாத்திகள் எல்லாம் இன்னொரு விதத்தில் குறைபட்டவை. அங்கே மண் மேலிருந்து விரல் விரலாக உருகுகிறது. ஆனால் சைபீரியாவில் யெடோமா என்ற ஒருவகை மண் உண்டு. அதன் கன அளவில் பாதிக்கும் மேல் வெறும் பனிக்கட்டி. அது உருகினால் நிலம் அப்படியே உள்வாங்கும். யாகூட்டியாவில் பட்டகாய் என்ற ஊருக்கு அருகே 1960-களில் காட்டை வெட்டினார்கள். நிழல் போனதும் வெயில் மண்ணில் பட்டது. அன்று பிளந்த நிலம் இன்றுவரை பிளந்துகொண்டே போகிறது. இப்போது ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, சில இடங்களில் ஐம்பது மீட்டருக்கும் மேல் செங்குத்துச் சுவரோடு, வானத்திலிருந்து பார்த்தால் தெரிகிற பள்ளம். அதன் அடிச்சுவரில் 6,50,000 வருஷத்துக்கு முந்தைய பனிக்கட்டி இருக்கிறது. இடையில் வந்துபோன பல வெப்பக் காலங்களைத் தாக்குப்பிடித்த பனி, ஒரு தலைமுறைக் கோடரி வேலைக்குத் தாங்கவில்லை. இந்த மாதிரித் திடீர்ச் சரிவு உறைமண் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான் நடக்கும். ஆனால் அங்கேதான் மொத்தக் கார்பனில் பாதி இருக்கிறது என்று மெரிட் டுரெட்ஸ்கியின் குழு கணித்திருக்கிறது. உலகப் பருவநிலை மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் உறைமண் கார்பனே கிடையாது. இருக்கிற சிலவற்றிலும் இந்தச் சரிவு இல்லை.

ஆகவேதான் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2021 அறிக்கையில் கொடுத்த எண்ணின் அகலம் அப்படி. உலகம் ஒரு டிகிரி சூடானால், இந்த நூற்றாண்டு முடிவதற்குள் உறைமண் விடும் கரியமில வாயு 1,400 கோடி டன்னிலிருந்து 17,500 கோடி டன் வரைக்கும் எதுவாகவும் இருக்கலாம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து மனிதர்கள் ஒரு வருஷத்தில் விடுவது சுமார் 3,700 கோடி டன். உலகத்தின் ஆறு மாதத்துப் புகைக்கும் குறைவாகவும் இருக்கலாம், ஐந்து வருஷத்துப் புகையாகவும் இருக்கலாம் என்றால், இந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த அரசு எதைத் திட்டமிடுவது? இதில் மோசமான விளைவு என்னவென்றால், 1.5 அல்லது 2 டிகிரிக்குள் நிற்க உலகத்துக்கு மிச்சமிருக்கும் புகைக் கணக்கிலிருந்து முதல் பங்கை அந்த மண் எடுத்துக்கொள்ளும். எஞ்சியதைத்தான் நாடுகள் பங்குபோட வேண்டும். இன்னும் மின்விசிறியும் கான்கிரீட் கூரையும் முழுதாகக் கிடைக்காத ஜனங்கள் உள்ள நாட்டுக்கு அந்த வித்தியாசம் சின்னதல்ல. உறைமண் விடும் வாயு யாருடைய கணக்கிலும் ஏறுவதும் இல்லை. நாடுகள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் பட்டியலில் மனிதர் பராமரிக்கும் நிலத்தின் வாயு மட்டும்தான் வரும். ஆளில்லாத துந்திரா இயற்கையின் பெயரில் விடப்பட்டுவிடும். காட்டைத் தங்கள் வரவில் சேர்த்துக்கொள்ளத் தயங்காத பணக்கார நாடுகள், அதே வடக்கில் கரையும் மண்ணைச் செலவில் எழுதாமல் விடுவது எனக்கு ஒப்பவில்லை.

எண் அகலமாக இருப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, அளவு இல்லாதது. அளவு எங்கே இல்லையோ அங்கேதான் மண் இருக்கிறது. ரஷ்யாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உறைமண். இந்த மண்ணை அளப்பதில் அந்த நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. யாகூட்ஸ்க் நகரத்தில் ஃபியோதர் ஷெர்கின் என்ற வணிகக் கம்பெனிக்காரர் 1828-இல் குடிதண்ணீருக்குக் கிணறு வெட்ட ஆரம்பித்தார். வருஷக்கணக்கில் வெட்டினார்கள். 1837-இல் 116 மீட்டர் ஆழத்தில் நிறுத்தினார்கள். அப்போதும் உறைந்த மண்தான், தண்ணீர் இல்லை. ஊற்றில்லாத அந்தக் கிணற்றில்தான் 1840-களில் அலெக்சாண்டர் ஃபான் மிட்டென்டார்ஃப் வெப்பமானிகளைச் சுவரில் பதித்து, பூமிக்கடியில் அத்தனை ஆழம் உறைந்திருக்கும் என்று உலகத்துக்கு நிரூபித்தார். இன்றைக்கும் அந்தக் கிணறு இருக்கிறது. உறைமண் ஆராய்ச்சிக்கென்றே மெல்னிகோவ் பெயரில் ஒரு நிறுவனம் அதே நகரத்தில் 1960-இலிருந்து நடக்கிறது.

ரஷ்ய ஆய்வாளர்களோடு மேற்கு நாடுகளும் கைகோத்து நல்ல வேலை செய்துவந்தன. மத்திய சைபீரியாவில் சோட்டினோ என்ற இடத்தில் முந்நூறு மீட்டர் உயரக் கோபுரம் ஒன்றை ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தாரும் ரஷ்யர்களும் சேர்ந்து கட்டிக் காற்றை அளந்தார்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தது. மறுநாளே ஜெர்மனியின் அறிவியல் அமைப்புகள் ரஷ்யாவோடு கூட்டுவேலைகளை நிறுத்தச் சொல்லிவிட்டன. அடுத்த மாதம், துருவத்தை ஒட்டிய நாடுகளின் அமைப்பான ஆர்க்டிக் கவுன்சிலின் மற்ற ஏழு நாடுகளும் ரஷ்யாவோடு உட்காருவதை நிறுத்தின. அந்தப் படையெடுப்பு அநியாயம். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் மண்ணுக்குப் போர் தெரியாது. சைபீரிய நிலையங்களைக் கழித்துவிட்டு மீதியை வைத்து ஆர்க்டிக்கைக் கணித்தால் படம் கோணலாகிவிடுகிறது என்று 2024-இல் ஒரு ஆய்வு கணக்கோடு காட்டியது. ரஷ்ய அரசு தன் உறைமண் வெப்பத்தைக் கண்காணிப்பதை இப்போது விரிவாக்கிவருகிறது. அதன் முதல் கவலை சரியும் கட்டடமும் உடையும் குழாயும்; நியாயமான கவலைதான். மண்ணின் மூச்சு அந்தப் பட்டியலில் கீழே இருக்கும்.

இங்கேதான் இந்தியா வருகிறது. 2008-இலிருந்து ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டு தீவுகளில் நமக்கு ஹிமாத்ரி என்ற ஆய்வு நிலையம் இருக்கிறது. 2013 முதல் ஆர்க்டிக் கவுன்சிலில் பார்வையாளர். 2022 மார்ச்சில் ஆர்க்டிக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டோம். கோவாவிலுள்ள துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தில் குளிர்பிரதேசத்தில் வேலை செய்து பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். 2023 டிசம்பரிலிருந்து அவர்கள் ஹிமாத்ரிக்குக் குளிர்காலத்திலும் போகிறார்கள். எல்லாவற்றையும்விட, ரஷ்யாவோடு நாம் பேச்சுவார்த்தையில் இருக்கிறோம். கூடங்குளத்தில் அணு உலை கட்டுகிறவர்கள் அவர்கள். சென்னையிலிருந்து விளாதிவஸ்தோக்குக்குக் கப்பல் பாதை போட 2019-இல் ஒப்புக்கொண்டோம். எண்ணெய் வாங்குகிறோம். வடக்குக் கடல் வழியாகச் சரக்கு அனுப்புவதைப் பேசுகிறோம். அதாவது பனி உருகினால் கிடைக்கும் லாபத்தைப் பற்றி எல்லா மேசையிலும் பேசுகிறோம். மண் உருகுவதைப் பற்றி எந்த மேசையிலும் பேச்சில்லை. ரஷ்யாவோடு உறவை விடக்கூடாது என்று வாதிடும் நம் வெளியுறவு அமைச்சகம், அந்த உறவால் உலகத்துக்கு ஒரு நன்மை உண்டு என்று காட்ட விரும்பினால் இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

நம்முடைய வேலையா இது என்று கேட்பவர்களுக்கு நெல்வயலை நினைவூட்டுவேன். 1990-களின் தொடக்கத்தில், இந்திய நெல்வயல்கள் வருஷத்துக்குச் சுமார் 3.8 கோடி டன் மீத்தேன் விடுகின்றன என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை மதிப்பிட்டது. வேறெங்கோ எடுத்த அளவை நம் பரப்பால் பெருக்கிக் கிடைத்த எண். நம் உழவர் தலையில் உலகத்துச் சூட்டை ஏற்றிவைக்க அது போதுமாயிருந்தது. தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ. பி. மித்ரா முன்னின்று 1991-இல் நாடு முழுக்க நெல்வயல்களில் நேரடியாக அளக்க ஏற்பாடு செய்தார். ஒளிபுகும் பெட்டியை நாற்றின்மேல் கவிழ்த்து, சேற்றில் அதன் விளிம்பை அழுத்தி, குறித்த நிமிஷங்களில் ஊசியால் காற்றை எடுத்து அளந்தார்கள். வந்த எண் சுமார் 40 லட்சம் டன். ஒன்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. நான் படித்த காலத்தில் அந்தப் பெட்டியை வயலில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். சேற்றில் கால் புதைந்து குமிழி கிளம்பினால் அந்த அளவு வீண், மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும், அதனால் பலகை போட்டு அதன்மேல் நிற்போம். எட்மண்டனில் வேலைக்குச் சேர்ந்தபோது, துந்திராவில் வைக்கிற பெட்டியின் படத்தைக் காட்டினார்கள். அதே பெட்டி. கவிழ்க்கிற விதமும், பலகைமேல் நிற்கிற விதமும்கூட அதேதான். இந்த வேலையை நம் வேளாண் பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்பது இது. இந்தியாவும் ரஷ்யாவும் நடத்தும் ஆண்டு உச்சி மாநாட்டு அறிக்கையில் உறைமண்ணுக்கென்று தனி ஒப்பந்தம் இடம்பெற வேண்டும். மெல்னிகோவ் நிறுவனத்தோடு சேர்ந்து யாகூட்டியாவில் குறைந்தது பத்து வருஷத்துக்கு, கோடையில் மட்டுமில்லாமல் வருஷம் முழுக்க, மண்ணின் ஆழவாரி வெப்பமும் அது விடும் கரியமில வாயுவும் மீத்தேனும் அளக்கப்பட வேண்டும். யெடோமா மண் உள்ள இடம் ஒன்று, சரியும் நிலம் ஒன்று, நெருப்பு எரித்த காடு ஒன்றாவது அதில் இருக்க வேண்டும். ஆட்கள் இரு நாட்டிலிருந்தும் போக வேண்டும், குளிர்காலத்திலும் அங்கேயே தங்க வேண்டும். அளவுகள் எவருக்கும் மூடப்படக் கூடாது. கீவில் இருக்கும் ஆய்வாளரும் அதை இணையத்தில் எடுத்துப் பார்க்க முடிய வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை ரஷ்யா ஏற்காவிட்டால் ஒப்பந்தமே வேண்டாம். பூட்டிவைக்கும் அளவால் யாருக்கும் பயனில்லை, நமக்கும்தான். சொந்தமாகத் துருவ ஆராய்ச்சிக் கப்பல் கட்டத் திட்டம் போடும் நாட்டுக்கு இதன் செலவு பெரிய பாரமாக இருக்காது.

ஒரு நடைமுறை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோப்புகள் நகரும் வேகம் எனக்குத் தெரியும். யாகூட்டியாவில் செப்டம்பர் கடைசியிலேயே நிலம் மேலிருந்து உறையத் தொடங்கும். நமக்கு அதிகம் வேண்டியது அந்த வாரங்களின் அளவுதான். மண் பூஜ்யத்தில் நின்று மீத்தேன் விடும் காலம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. வெப்பமானித் தொடர்களும் பெட்டிகளின் அடிச்சட்டங்களும் ஆகஸ்டு முடிவதற்குள் மண்ணில் இறங்கி, தோண்டிய மண் மறுபடி அமர்ந்திருக்க வேண்டும். கருவிகள் லேனா ஆற்றில் படகு ஓடும் நான்கைந்து மாதங்களுக்குள் போய்ச் சேர வேண்டும். இதெல்லாம் நடக்க, கையெழுத்து அதற்கு முந்தின குளிர்காலத்திலேயே விழுந்திருக்க வேண்டும்.